ஏழாம் பெட்டிக்குக் காய்ச்சல்

பேட்டரியைத் தொட்டுப் பார்த்தே அதற்குக் காய்ச்சலா இல்லையா என்று சொல்லக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. எங்கள் எருமப்பட்டி ரோட்டில் அவருக்கு ஆசிட்காரர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஒன்று இருந்திருக்கும். ரேஷன் கார்டைத் தாண்டி அது எங்கும் புழங்கியதாக எனக்குத் தெரியவில்லை. அவர்மேல் எனக்குப் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்தாலும் நாலாவது பத்தியில் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

நான் துணை மின்நிலையத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன். மணிக்கு ஒரு தரம் மீட்டர்களைப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். ஓய்வுபெற்ற நாளில் ஒரு சாமந்தி மாலை போட்டு (எழுபத்தோரு பூ) வீட்டுக்கு அனுப்பினார்கள். மீட்டர்கள் அங்கேயே நின்றுவிட்டன, எண்ணுகிற பழக்கம் மட்டும் என்னோடு பஸ் ஏறி வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவே நானூற்றுப் பன்னிரண்டு அடி. ஊரில் என்னை 'ரீடிங் சார்' என்பார்கள். மரியாதையாகத்தான் சொல்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

ஆசிட்காரர் நாமக்கல்லில் லாரிப் பட்டறைகளின் வரிசையில் பேட்டரிக் கடை வைத்திருந்தவர். சட்டை முழுக்க ஆசிட் தெறித்த ஓட்டைகள். ஒருநாள் டீக்கடையில் எதிரே உட்கார்ந்து எண்ணினேன். முன்பக்கம் இருபத்து மூன்று. பின்பக்கத்தை எண்ணுவதற்காக இன்னொரு டீ சொல்ல வேண்டியிருந்தது.

அவர் கடையின் விசேஷம், அங்கே புது பேட்டரி கிடைக்காது. கண்ணாடி அலமாரியில் இருக்கும். ஆனால் கிடைக்காது. லாரிக்காரர் ஒருவர் பழைய பேட்டரியை இறக்கி வைத்துவிட்டு, "புதுசு ஒண்ணு குடுங்க, லோடு ஏத்தோணும்" என்பார். ஆசிட்காரர் பழசின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதன் தலையில் கை வைப்பார்.

"இதுக்கு என்னுங்க குறை?"

"செல்ப் எடுக்க மாட்டேங்குதுங்க."

"தண்ணி ஊத்தி எத்தன நாளாச்சு?"

"அதெல்லாம் யாருக்குங்க ஞாபகம்?"

"ஊட்டுல ஒரு நேரம் சோறு போடாட்டி ஞாபகம் வெச்சுக்குவீங்கல்ல? பேட்டரி வயசாயிச் சாவறதில்லீங்க. கண்டுக்காம உட்டாத்தான் சாவுது."

மூன்று நாள் வைத்திருந்து, மெதுவாகச் சார்ஜ் ஏற்றி, பழசையே திருப்பிக் கொடுப்பார். அந்த மூன்று நாளும் லாரி வாசலில் நிற்கும். திட்டிக்கொண்டே காத்திருந்த டிரைவர்கள் அடுத்த வருடமும் அவரிடமே வந்தார்கள் என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம். பிறகு கடையை மருமகன் ஏற்று நடத்தினார். முதல் வாரத்திலேயே பதினோரு புது பேட்டரி விற்றார். அந்த வருத்தத்தில் ஆசிட்காரர் நாமக்கல்லை விட்டு எங்கள் ரோட்டில் இருக்கும் தன் பழைய வீட்டுக்கே வந்துவிட்டார். என் கஷ்ட காலம் அன்று தொடங்கியது.

அடுத்த வருடம் எங்கள் துணை மின்நிலையத்தை ஒட்டிய சோளக்காட்டில் வெள்ளைப் பெட்டிகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் டிரெய்லர் லாரியில் வரும் கண்டெய்னர் அளவு. மொத்தம் இருபத்து நான்கு. உள்ளே முழுக்கப் பேட்டரி. பகலில் சோலார் தகடுகள் வாரிக் கொடுப்பதை வாங்கி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்து ஊரெல்லாம் விளக்குப் போடுகிற நேரத்தில் திருப்பிக் கொடுக்கும். வெயில் சட்டென்று மறைந்தாலும் காற்றாலை நின்றாலும், கண் மூடித் திறப்பதற்குள் மின்சாரத்தைக் கொட்டி, கம்பிகளின் துடிப்பை வினாடிக்கு ஐம்பது என்ற கணக்கிலேயே நிறுத்தி வைக்கும். அந்த ஐம்பதை முப்பத்து நான்கு வருடம் முறைத்துப் பார்த்தவன் நான். இந்த ஊரில் அந்தப் பெட்டிகளைப் பற்றிப் பேசத் தகுதியுள்ளவன் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஊரில் பயம் கிளம்பியது. பெட்டி வெடிக்கும் என்றார்கள். மழை வராது என்றார்கள். வேலிக்கு அந்தப்பக்கம் இருந்த கோழிப்பண்ணைக்காரர், கோழிகள் முட்டையை நிறுத்திவிடும் என்றார். பயத்தைப் போக்கச் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். கம்பெனியின் இன்ஜினியர் மேடம், மதுரைப் பக்கத்துப் பெண், என்னைப் பேசச் சொன்னார். பதினாறு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். மூன்றாம் பக்கத்தில் பிரீக்வென்சிக்கு, அதாவது அந்த ஐம்பதுக்கு, வந்தபோது முன்வரிசையில் ஐந்து பேர் தூங்கியிருந்தார்கள். நான்காம் பக்கத்தைத் திருப்பும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"சார், ஒரு நிமிசமுங்க."

ஆசிட்காரர் எழுந்து நின்றார். கோழிப்பண்ணைக்காரரைப் பார்த்தார்.

"ஏனுங்க, உங்க போர்ல எப்ப தண்ணி வருது?"

"கரண்டு இருக்கறப்ப."

"கோழிக்குத் தாகம் எப்ப எடுக்குது?"

"அது பாட்டுக்கு எந்நேரமும் எடுக்கும்."

"அப்பறம் என்ன பண்றீங்க?"

"தொட்டியில புடிச்சு வெக்கறோம்."

"அதேதானுங்க. இது கரண்டுத் தொட்டி."

அவ்வளவுதான். கூடம் கை தட்டியது. தூங்கிய ஐந்து பேரும் எழுந்து தட்டினார்கள். அன்றிலிருந்து அந்த இடத்துக்குக் கரண்டுத் தொட்டி என்றே பெயர் ஆகிவிட்டது. பஸ் கண்டக்டர்கூட "தொட்டி எறங்கு" என்கிறார். என்னிடம் இன்னும் பன்னிரண்டு பக்கம் மிச்சம் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமானால் தருகிறேன்.

உள்ளூர் ஆட்கள் இரண்டு பேரை வேலைக்கு எடுத்தார்கள். ஊருக்கும் கம்பெனிக்கும் நடுவே பேசுகிற ஒருங்கிணைப்பாளர் வேலை அவருக்கு, கேட்டில் வருகைப் பதிவேடு எழுதுகிற வேலை எனக்கு. அவருக்கு வெள்ளை ஹெல்மெட், எனக்கு மஞ்சள். இந்தத் தொழிலில் வெள்ளை அதிகாரிக்கு, மஞ்சள் கூலிக்கு. மேடம் அவரை "மாஸ்டர்" என்றும் என்னை "அங்கிள்" என்றும் கூப்பிட்டார். அந்த வாரம் நான் ஒன்றே கால் கிலோ இளைத்தேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஆசிட்காரர் மேடத்திடம் கேட்டார்: "இதுகளுக்குத் தண்ணி எப்பங்க ஊத்தோணும்?"

"இதுக்குத் தண்ணியே வேண்டாம் மாஸ்டர். இது வேற வகை."

அவர் முகம் விழுந்துவிட்டது. பசியே எடுக்காத பிள்ளைகளைப் பெற்றவரைப் போல இருபத்து நான்கையும் பார்த்தார். மறுநாள் கையில் டிஸ்டில்டு வாட்டர் கேனோடு வந்தார். "கேக்காதுதான். இருந்தாலும் பக்கத்துல இருக்கட்டும்." அந்தக் கேன் மாதக்கணக்கில் என் கேட் அறையில், என் நாற்காலிக்கு அடியில் இருந்தது. காலை நீட்ட முடியாது.

தினமும் காலையில் இருபத்து நான்கு கதவுகளிலும் உள்ளங்கையை வைத்துவிட்டு வருவார். ஒரு கதவுக்கு ஏழெட்டு வினாடி. நான் கேட் அறையிலிருந்து பார்த்துக்கொண்டே என் வேலையைச் செய்வேன். என் வேலை என்று நான் சொல்வது பதிவேடு மட்டும் இல்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் குளிரூட்டி உண்டு, அது அவ்வப்போது ஓடி நிற்கும். எந்தப் பெட்டியில் மணிக்கு எத்தனை முறை ஓடுகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வந்தேன். யாரும் கேட்கவில்லை. எல்லாம் நான்கு, அதிகம் போனால் ஐந்து.

வீட்டிலும் நிம்மதி இல்லை. சாப்பாடு போட்டுக்கொண்டே மனைவி கேட்பாள்: "இன்னைக்கு ஆசிட்டண்ணன் என்ன சொன்னாரு?"

"நான் என்ன சொன்னேன்னு கேளேன்."

"நீங்க என்ன சொல்லுவீங்க, நம்பர் சொல்லுவீங்க."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஆயுத பூஜை வந்தது.

லாரி ஊர்க்காரர்களுக்கு ஆயுத பூஜை என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பேனர் முதல் ஸ்டெப்னி வரை சந்தனம், குங்குமம். ஆசிட்காரர் மேடத்திடம் அனுமதி வாங்கிவிட்டார். கதவுகளில் பொட்டு வைப்பது, கேட்டில் பூசணிக்காய் உடைப்பது, இவ்வளவுதான் பேச்சு. ஆனால் எலுமிச்சம்பழம் வைக்கச் சக்கரம் வேண்டும், பெட்டிகளுக்குச் சக்கரம் இல்லை. ஒரு மணி நேரம் யோசித்து, நாலு மூலைக்கும் ஒன்றாக வைத்தார். மொத்தம் தொண்ணூற்றாறு பழம். முடிந்த பிறகு நான் எண்ணியபோது தொண்ணூற்றைந்துதான் இருந்தது. இன்றுவரை அந்த ஒன்று கிடைக்கவில்லை.

பொட்டு வைத்துக்கொண்டே கதவு கதவாகக் கை வைத்துப் போனவர், ஏழாம் பெட்டியில் நின்றுவிட்டார். அது கேட்டுக்கு அருகில், கோழிப்பண்ணை வேலியை ஒட்டிய பெட்டி. கையை எடுத்தார். திரும்ப வைத்தார்.

"மேடம், இதுக்குக் காய்ச்சலுங்க."

மேடம் கையிலிருந்த திரையைப் பார்த்தார். "எல்லாமே பச்சைதான் மாஸ்டர். டெம்பரேச்சர் லிமிட்டுக்குள்ளதான் இருக்கு."

"பச்சையா இருக்கலாமுங்க. காய்ச்சல் இருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

அதன்பிறகு அவர் செய்ததுதான் வினை. சாம்பிராணித் தட்டில் கரித்துண்டுகளைக் கனல வைத்து, கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்துவிட்டார். பெட்டிகளுக்கெல்லாம் மூளை அங்கே இருக்கும்போது அதற்குக் காட்டாமல் விட்டால் கோபித்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி. மூளைக்குச் சாம்பிராணி வாசம் பழக்கமில்லை. கூரையிலிருந்த புகைக் கருவி கத்தியது. தீ என்று முடிவு கட்டி, இருபத்து நான்கு பெட்டிகளும் ஒரே நேரத்தில் தங்களை நிறுத்திக்கொண்டன. மாலை ஆறு மணி. ஊருக்கு மின்சாரம் கொடுக்க ஆரம்பிக்க வேண்டிய நேரம்.

பூஜைக்காக மில்கள் அடைத்திருந்ததால் தேவை குறைவு, ஊர் இருளாமல் தப்பியது. ஆனால் மேலிடத்திலிருந்து போன் வந்தது. மேடம் ஸ்பீக்கரை அணைக்க மறந்துவிட்டார்.

"எதனால நின்னுச்சு?"

"சாம்பிராணி சார்."

"அது என்ன பார்ட்? ஸ்பேர் இருக்கா?"

ஆசிட்காரர் பக்கத்திலிருந்து உதவப் பார்த்தார்: "கால் கிலோ மிச்சம் இருக்குதுங்க."

அதோடு அவர் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். மூன்று நாளில் பெரிய அதிகாரி வந்து விசாரிப்பார், அதுவரை மாஸ்டர் உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு. விசாரிக்கிற அன்றே கணக்கைத் தீர்த்து அனுப்பிவிடுவார்கள் என்று கம்பெனி டிரைவர்கள் பேசிக்கொண்டார்கள். மேடம் அவரிடமிருந்து வெள்ளை ஹெல்மெட்டை வாங்கி என்னிடம் கொடுத்தார். "அங்கிள், மூணு நாள் நீங்க பாத்துக்கோங்க."

நான் அந்த ஹெல்மெட்டைக் கழற்றாமல் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் ஒன்பது பேர் பார்த்தார்கள். மனைவியும் பார்த்தாள்.

"அது ஆசிட்டண்ணனோடதாச்சே?"

"இப்ப என்னோடது."

"அப்ப அவரு தலையில என்ன இருக்குது?" என்று கேட்டுவிட்டு ரசத்தை ஊற்றினாள். அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை. வேண்டுமென்றே போடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் காலை கேட் அறையில் நோட்டைத் திறந்தேன். பூஜை அன்று எலுமிச்சம்பழம் எண்ணியதில் அதைத் தொடவே இல்லை. எட்டாம் பெட்டி நான்கு. ஒன்பது, நான்கு. ஏழாம் பெட்டி பதினொன்று. தப்பாக எண்ணிவிட்டேன் என்று அடுத்த மணியும் எண்ணினேன். பதினொன்று. குளிரூட்டி ஓடும், மூச்சுத் திணறியதுபோல நிற்கும், மறுபடி ஓடும்.

காய்ச்சல்தான்.

நோட்டை மூடினேன். முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு மீட்டர் அளவைக்கூட நான் மறைத்ததில்லை. கூட்டியதில்லை, குறைத்ததில்லை. ஆனால் இதைக் கொண்டுபோய் மேடத்திடம் காட்டினால், கை வைத்துச் சொன்னவர் ஜெயித்துவிடுவார். எண்ணிச் சொன்ன நான் அவருக்குச் சாட்சி ஆகிவிடுவேன். திரையில் பச்சைதானே இருக்கிறது, அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன்.

பத்து மணிக்கு வேலிக்கு வெளியே ஆசிட்காரர் வந்து நின்றார். ஹெல்மெட் இல்லாத தலையில் துண்டு. என் தலையில் இருந்த ஹெல்மெட்டை அவர் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

"சார், ஏழு எப்படி இருக்குதுங்க?"

"நல்லாத்தான் இருக்குது."

"சரிங்க சார். போயிட்டு வாரேனுங்க."

இரண்டாம் நாளும் வந்தார். அதே கேள்வி. தன் வேலை என்ன ஆகும், அதிகாரி என்ன சொல்வார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஏழு எப்படிங்க?" என்றார். "நல்லாத்தான் இருக்குது" என்றேன். நோட்டில் பதினாலு என்று எழுதியிருந்தேன். வெள்ளை ஹெல்மெட் எனக்குக் கொஞ்சம் பெரிது. குனிந்தால் கண்ணை மறைத்தது. அன்று அதிகமாகக் குனிந்தே இருந்தேன்.

மூன்றாம் நாள் பத்தொன்பது. வெளியே அவர் வந்து நின்றார், ஆனால் எதுவும் கேட்கவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏழாம் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே விடாத வார்டில் படுத்திருக்கும் ஆளைப் பார்க்க வந்தவரைப் போல. பதினோரு மணிக்குப் பெரிய அதிகாரியின் கார் வந்தது. பதிவேட்டில் வண்டி எண்ணை எழுதினேன். எழுதி முடித்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு அதிகாரி பின்னாலேயே போய்விட்டேன்.

கட்டுப்பாட்டு அறையில் அதிகாரி உட்காரக்கூட இல்லை.

"அந்தச் சாம்பிராணி ஆளைக் கூப்பிடுங்க. இன்னைக்கே முடிச்சுடலாம்."

"சார், அதுக்கு முன்னாடி ஒரு ரீடிங்" என்றேன்.

"நீங்க யாரு?"

"கேட் ஆளுங்க."

நோட்டைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். பெட்டி ஒன்று, மணி எட்டு, நான்கு முறை. பெட்டி இரண்டு, நான்கு முறை. ஆறாவது நிமிடத்தில் அதிகாரி மேடத்தைப் பார்த்தார். மேடம் என்னிடம் மெல்லச் சொன்னார், "அங்கிள், நேரா விஷயத்துக்கு வாங்க."

"நேராப் போனா ஏழாம் பெட்டிங்க. மத்ததெல்லாம் நாலு. இது பத்தொம்போது."

மேடத்தின் முகம் மாறியது. எழுந்து வெளியே நடந்தார். நாங்களும் நடந்தோம். ஏழாம் பெட்டியின் குளிரூட்டியை நிறுத்தி, வேலிப்பக்கம் இருந்த வலை மூடியைத் திருகிக் கழற்றினார்கள்.

உள்ளே கோழி இறகு.

தலையணை ஒன்றைக் கிழித்து உள்ளே திணித்தது மாதிரி வெள்ளை வெளேரென்று அடைத்திருந்தது. பண்ணையின் பெரிய விசிறிகள் ஊதித் தள்ளிய இறகுகளைக் குளிரூட்டி உள்ளே இழுத்து இழுத்து வைத்திருக்கிறது. காற்றுப் போக வழி இல்லாமல் திணறித் திணறி நின்றிருக்கிறது. இன்னும் சில நாள் போயிருந்தால் திரையும் சிவந்திருக்கும், அப்போது பெட்டியும் மிஞ்சியிருக்காது என்றார் மேடம். கையில் ஓர் இறகைப் பிடித்துக்கொண்டே சொன்னார். நான் இருநூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணினேன். அதற்குமேல் கண் கலங்கியது. தூசு.

பெரிய அதிகாரி இறகையும் பார்த்தார், கதவில் இருந்த சந்தனப் பொட்டையும் பார்த்தார். "இதை முதல்ல யார் சொன்னது?"

மேடம் வேலிக்கு வெளியே கையைக் காட்டினார். ஆசிட்காரரை உள்ளே கூப்பிட்டார்கள். வந்தவர் அதிகாரிக்கு வணக்கம் சொல்லவில்லை. நேராக ஏழாம் பெட்டிக்குப் போய்க் கை வைத்தார். அப்புறம்தான் என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார்.

"மூணு நாளா எண்ணீட்டா இருந்தீங்க சார்?"

"ஆமாங்க."

"நான் கேட்டப்ப நல்லா இருக்குதுன்னீங்களே?"

ஹெல்மெட்டைக் கழற்றி நீட்டினேன். அதை வாங்கித் துண்டுக்கு மேலேயே வைத்துக்கொண்டார்.

"உடுங்க சார். எனக்குக் கை வெச்சாக் காய்ச்சல்னு மட்டுந்தான் தெரியும். எத்தனைன்னு நீங்கதான் சொல்லோணும்." பிறகு குரலை இறக்கி, "ஆனா அடுத்த தடவ கொஞ்சம் வெரசாச் சொல்லிப்போடுங்க" என்றார்.

அவர் வேலை அவருக்கே நிலைத்தது. எல்லா வலை மூடிகளையும் வாரம் ஒரு தரம் துடைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பண்ணைக்காரர் வேலியோரம் பச்சை வலை கட்டினார். அடுத்த ஆயுத பூஜைக்குச் சாம்பிராணி கேட்டுக்கு வெளியே, எழுபது அடி தள்ளி. அளந்தது நான்.

இப்போது ஆசிட்காரர் இங்கே இல்லை. தெற்கே நாற்பது பெட்டிகளோடு புதுத் தொட்டி ஒன்று வருகிறது என்று பெரிய அதிகாரி அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். நாற்பது! என்னை யாரும் கூப்பிடவில்லை. மேடம் அவருக்காக அழுதார். நான் போனால் அழுவாரா என்று தெரியவில்லை, கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. வெள்ளை ஹெல்மெட்டை ஆசிட்காரர் என் அறையின் ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். தண்ணீர்க் கேனையும் விட்டுவிட்டுத்தான் போனார். இன்னும் காலை நீட்ட முடியவில்லை. தூக்கி வைக்கச் சொன்னார் மேடம். இருக்கட்டும் என்றுவிட்டேன்.

தினமும் ஆறு மணிக்கு, பெட்டிகள் ஊருக்குக் கொடுக்க ஆரம்பிக்கிற நேரத்தில், போன் வரும்.

"என்னுங்க சார், ஏழு எப்படி இருக்குதுங்க?"

கணக்கு என் கையிலேயே நோட்டில் இருக்கும், நான்கு என்று. ஆனாலும் "இருங்க, பாத்துச் சொல்றேன்" என்று போனைக் காதில் வைத்தபடியே எழுந்து போய், கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான், "காய்ச்சல் இல்லீங்க" என்று சொல்கிறேன். கேட் அறையிலிருந்து ஏழாம் பெட்டிக்கு எத்தனை அடி என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த நேரத்தில் நான் எண்ணுவதில்லை.